கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே

போன சித்திரையில் என் மோட்டார் சைக்கிள் கரைச்சல் கொடுத்தது. ஸ்ராட் ஆனது. சோக்கை இழுத்து வைத்திருக்கும் வரை ஓடியது. சோக்கை உள்ளே தள்ளியதும் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. 1996ஆம் ஆண்டு ஹொண்டா நைட்ஹோக் 250, என்னைவிட ஒரு வயது மூப்பு. ஐந்து மாதம் கராஜுக்குள் துணி மூடித் தூங்கிய கிழவிக்கு முதல் நாள் கொஞ்சம் இருமல் இருக்கும்தானே என்று நினைத்தேன்.

இரண்டு இரவு வீடியோ பார்த்தேன். காபரேற்றரில் இருந்த ஸ்குறூக்களை, பார்த்த வீடியோ எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு விதமாகத் திருப்பினேன். மூன்றாம் நாள் சோக் இழுத்தாலும் ஓடவில்லை.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு கராஜுக்கு வந்தார். ஐந்து வருடத்துக்கு முன் நான் எம்2 அனுமதிப்பத்திரம் எடுத்தபோது ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்த அதே அப்பா.

"எத்தினை சுத்து திருப்பினனி?"

"தெரியாது அப்பா."

"எண்ணாமல் என்னத்துக்குப் பிள்ளை திருப்பினனி?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கோப்பையை வேர்க்‌பெஞ்சில் வைத்துவிட்டு, "அது என்ன சொல்லுது எண்டு நீ கேக்கவே இல்லை" என்றார்.

இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் மோட்டார் சைக்கிள் இருக்காது. இந்த நகரத்தின் காப்புறுதிக் கட்டணத்தைப் பார்த்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்கிற ஒரு வீடும், மற்றவர்கள் வாய் வைக்கிற ஒரு உடம்பும் எல்லோரிடமும் இருக்கின்றன. இந்த ஒரு வருடத்தில் இந்த மூன்றையும் நான் திருத்தப் பார்த்தேன். மூன்றுக்கும் எனக்குக் கேட்காமலே அறிவுரை கிடைத்தது. என் கருத்து இது: எங்கள் அப்பா அம்மாமாருக்கு ஒரு பழுதை எப்படித் திருத்துவது என்று உலகத்தில் பலரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவை அவர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பாவிக்கிறார்கள். எங்கள் உடம்புக்கு மட்டும் பாவிப்பதில்லை.

முதலில் கராஜை முடித்துவிடுகிறேன்.

அப்பா ஸ்குறூக்களைத் தொடவே இல்லை. காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே பிசின் மாதிரி மண்ணிறப் படை. ஐப்பசியில் தாங்கியில் விட்ட பெற்றோல் அப்படியே கிடந்து வற்றிப் பசையாகி, பைலற் ஜெற்றை அடைத்துவிட்டது. வண்டி ஓடாமல் நின்று உறுமும்போது பெற்றோல் வருவது அந்தத் துவாரத்தால்தான். தலைமயிர் போன்ற துவாரம். அது அடைபட்டால் வருவது வெறும் காற்று. சோக் காற்றைக் குறைக்கிறபடியால் அது இழுத்திருக்கும்போது மட்டும் ஓடுகிறது. பழுது ஸ்குறூவில் இல்லவே இல்லை. நான் இரண்டு இரவாக, சரியாக இருந்த ஒன்றைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

துப்புரவாக்கிப் பூட்டிய பிறகுதான் ஸ்குறூவுக்கு வந்தார். மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும் இடம்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, கராஜ் சுவரில் பென்சிலால் எழுதினார். புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் திரும்ப வெளியே எடுத்தார். பிறகு வண்டியை வெளியே றைவ்வேக்குத் தள்ளச் சொன்னார். (இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விட்டால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். கதவைத் திறந்து வைத்தாலும் போதாது.) பத்து நிமிடம் ஓட விட்டார். எஞ்சின் சூடாகாமல் காபரேற்றரைத் தொட்டால் அது பொய் சொல்லுமாம்.

பிறகு கால் சுற்று. கையை எடுத்துவிட்டு நின்றார். பத்துப் பதினைந்து விநாடி. சத்தம் கொஞ்சம் ஏறியது. இன்னொரு கால் சுற்று. திரும்ப நின்றார். சத்தம் விழத் தொடங்கியதும் கடைசிக் கால் சுற்றைத் திருப்பி எடுத்தார். அவ்வளவுதான். உங்கள் வண்டியில் செய்வதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஸ்குறூ எஞ்சின் பக்கமாக இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். காற்று வடிகட்டி பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, எல்லாம் தலைகீழ். நான் பார்த்த வீடியோக்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததற்குக் காரணம் இதுதான். எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள், தங்கள் தங்கள் வண்டிக்கு.

ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். காற்றுக் கூடினால் பிளக் வெளுக்கும், எஞ்சின் கொதிக்கும், பிஸ்டனே பழுதாகலாம். இந்தக் கணக்கு அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு ஒன்று.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. பொருளாதாரத் தடை என்று வீட்டில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். மின்சாரமும் இல்லை. கள்ளமாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கும், விலை கேட்டால் நெஞ்சு வலிக்கும். ஆகவே ஊரே மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. அப்பாவுக்கு அப்போது இருபது வயது. சித்தப்பாவின் எம்.டி. 90 அவர் கையில் இருந்தது.

பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் பிடிக்காது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகவே ஆகாது. ஆகவே சிரிஞ்சில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து ஸ்ராட் செய்வார்களாம். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை உறுமவிட்டு, அது பிடித்துக்கொண்ட அந்த ஒரு கணத்தில் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். முந்தினால் நின்றுவிடும். பிந்தினால் தங்கம் மாதிரிப் பெற்றோல் வீண். பின்னால் வெள்ளைப் புகை, எஞ்சினுக்குள் டக் டக் என்று அடி, சில நாளுக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிக் கரி தட்டுதல். எந்தப் புத்தகத்திலும் இதற்கு அளவு இல்லை. காதுதான் அளவு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்ததே, அன்று அப்பம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்பா அந்த எம்.டி. 90இல்தான் வெளிக்கிட்டார். மழை. நாவற்குழிப் பாலம் வரை வீதி முழுக்கச் சனம். வண்டி நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்ததால் எஞ்சின் சூடு குறைந்து மண்ணெண்ணெய் எரியாமல் நின்றுவிட்டது. சிரிஞ்சில் மிச்சம் இருந்த பெற்றோலும் முடிந்தது. மிச்சத் தூரம் அப்பம்மா சீற்றில் இருக்க, அவர் தள்ளிக்கொண்டு போனார். இதை அவர் எனக்கு இதற்கு முதல் சொன்னதே இல்லை. றைவ்வேயில் என் வண்டி சூடாகும்வரை காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொன்னார். "பொறு, சூடாகட்டும்" என்று அவர் சொல்லும்போது அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி வீடு. இதைக் கெதியாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் நான் பேச வந்தது கடைசி விடயத்தைப் பற்றி.

எங்களுடையது ஸ்காபரோவில் 1950களில் கட்டிய வீடு. வடக்குப் பக்கத்து அறை என்னுடையது. மார்கழியில் அங்கே சுவெற்றரோடுதான் படுப்பேன். ஹீற்றரைக் கூட்டினால் அம்மா அப்பாவின் அறை அவியும், என் அறை அப்படியே இருக்கும். விலை சொல்ல வந்த ஒருவர் கூரைக்குக் கீழே இன்சுலேசன் அடிக்க வேண்டும், யன்னல் எல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அப்பா ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். பிறகு சாமியறையில் இருந்து ஊதுவத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றத் தொடங்கினார்.

கெட்டித்தனமான வேலை அது. வெளியே கடும் குளிர் என்றால் சூடான காற்று மேலே ஏறி, கிடைத்த வெடிப்பால் வெளியே போகும். அதே அளவு குளிர் காற்றுக் கீழே இருந்து உள்ளே வரும். புகை அதைக் காட்டிக்கொடுக்கும். ஓடையின் முகட்டில் அற்றிக்குக்குப் போகிற மூடி இருக்கிறதே, அதன் விளிம்பில் புகை நூல் மாதிரி நீண்டு உள்ளே இழுபட்டது. குளியலறைக் குழாய் மேலே போகிற இடத்திலும் அப்படித்தான். பேஸ்மென்றில் அத்திவாரச் சுவருக்கும் பலகைக்கும் இடையில் புகை மறுபக்கமாக, எங்கள் முகத்துக்கு அடித்தது. பிறகு நாங்கள் காசு கொடுத்து அழைத்த சக்திக் கணிப்பாளர் வாசல் கதவில் பெரிய விசிறி பூட்டி 50 பாஸ்கல் அழுத்தத்தில் சோதித்தார். ஊதுவத்தி சொன்ன இடங்களையே அவரும் சொன்னார். அப்பா அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தார்.

இன்சுலேசன் என்பது காற்றை அசையாமல் பிடித்து வைப்பதுதான். கம்பளிச் சுவெற்றர் போட்டுக்கொண்டு காற்றடிக்கிற இடத்தில் நின்று பாருங்கள். ஓட்டையை அடைக்காமல் மேலே பஞ்சைக் குவித்தால் பஞ்சுக்குள்ளால் காற்றுப் போய்க்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டி இருக்கவில்லை. "ஓலைக் கூரைக்குக் கீழ இருந்தவனுக்கும் தகரத்துக்குக் கீழ இருந்தவனுக்கும் இது தெரியும்" என்றார். ஓலை அடுக்குகளுக்கு இடையில் நிற்கிற காற்றுத்தான் வெயிலை நிறுத்துகிறது. தகரத்தில் அது இல்லை.

ஓட்டைகளை முதலில் அடைத்தோம். ரியூப் சீலன்ற், மூடிக்கு ஒட்டுகிற பட்டை, ஒரு ஸ்பிறே நுரை. குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்குக்குள்ளேயே முடிந்திருந்தது, அதையும் வெளியே எடுத்தோம். இல்லாவிட்டால் குளித்த நீராவி மேலே உறைபனியாகி, வெயில் வந்ததும் உருகி, பூஞ்சணம் பிடிக்கும். பிறகுதான் பஞ்சு. ஒன்ராறியோவில் புது வீடுகளின் கூரைக்கு ஆர்-60 என்பது அளவு. எங்கள் வீட்டில் நான்கு அங்குலம்கூட இருக்கவில்லை. யன்னல் எதையும் மாற்றவில்லை. ஒரு எச்சரிக்கை: பழைய வீடுகளில் மேலே ஏறிப் பார்க்கும்போது சாம்பலும் பொன்னிறமும் கலந்து மினுங்குகிற சின்னக் கற்கள் மாதிரி ஏதும் கொட்டிக் கிடந்தால் கை வைக்காமல் இறங்கி வாருங்கள். அது வெர்மிகுலைற்றாக இருக்கலாம், அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். பணம்தான் தடை என்றால் ரொறன்ரோ மாநகரசபையே இப்படியான வேலைக்குக் கடன் தருகிறது. வீட்டு வரியோடு சேர்த்துத் திருப்பிக் கட்டலாம்.

சரி. உடம்பு.

யாழ்ப்பாணத்தில் "நல்லா உடம்பு வைச்சிருக்கிறாய்" என்பது பாராட்டு என்று அம்மா சொல்வார். அதை நான் நம்புகிறேன். தடைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு உடம்பு வைத்த பிள்ளை என்றால் வீட்டில் சாப்பாடு இருக்கிறது, வருத்தம் இல்லை என்று அர்த்தம். அந்த வசனம் அப்படியே விமானம் ஏறி இங்கே வந்தது. இங்கே வந்ததும் அதன் அர்த்தம் தலைகீழாகிவிட்டது, ஆனால் சொல்கிற பழக்கம் போகவில்லை. அதனால்தான் ஒரே மாமி உங்களைப் பார்த்து "வைச்சிட்டாய்" என்று சொல்லிவிட்டு, அதே கையால் உங்கள் கோப்பையில் மூன்றாவது வடையையும் வைக்கிறார். அவருக்கு அதில் முரண் தெரிவதில்லை. இரண்டுமே அவருக்கு அக்கறைதான்.

எனக்குப் பதினேழு வயது. மச்சாளின் சாமத்தியவீடு. சேலை உடுத்துக்கொண்டு ஹோல் வாசலில் பன்னீர் தெளிக்க நின்றேன். வந்தவர்களில் நான் எண்ணியபடி ஒன்பது பேர் என் உடம்பைப் பற்றி ஏதோ சொன்னார்கள். ஒருவராவது கெட்ட மனதோடு சொல்லவில்லை. "சோத்தைக் குறை பிள்ளை." "இந்த வயசிலயே இப்பிடியெண்டால்?" அப்பாவும் அன்றிரவு காரில் "கொஞ்சம் குறைச்சால் நல்லம்தானே" என்றார்.

குறைத்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் அப்படியான எண்களை நான் அந்த வயதில் தேடித் தேடி வாசித்தேன், வேறு யாரும் என்னிடமிருந்து அதை எடுக்கக்கூடாது. ஆறு கிழமை கழித்து கெனடி சப்வே நிலையத்தில் மயங்கி விழுந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஆறு கிழமையும் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட எனக்குப் பிறகு இரண்டு வருடம் எடுத்தது. இதே இடத்தில் இப்போது நிற்கிறவர்கள் யாரும் இருந்தால்: நெடிக் என்கிற தேசிய உணவுக் கோளாறுத் தகவல் மையம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது, அவர்களோடு தொலைபேசியில் பேசலாம். ஷீனாஸ் பிளேஸ் என்று இன்னொரு இடமும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முதல் அங்கே சொன்னாலும் பிழை இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எழுதுவது சுகம். "உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று முடித்துவிடலாம். ஆனால் போன மாசியில் குடும்ப வைத்தியர் என் இரத்தப் பரிசோதனையைத் திருப்பிக் காட்டினார். ஏ1சி 6.1. கனடாவின் அளவுப்படி 6.0இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5 என்றால் நீரிழிவு. எனக்கு 28 வயது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் 41 வயதில் வந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே வருகிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் ஏறக்குறைய 15 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்தது. வெள்ளையர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 30இல் இருக்கிற நீரிழிவு ஆபத்து, தெற்காசியர்களுக்கு 23.9இலேயே இருக்கிறது என்று அது காட்டியது. இடுப்புச் சுற்றளவும் அப்படித்தான்: எங்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அப்போ மாமிமார் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். நானும் ஒரு இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். இல்லை. அவர்கள் எதையும் அளக்கவில்லை. கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த ஹோல் வாசலில் என் பக்கத்தில் நின்று "என்ன வடிவாய் மெல்லிசாய் இருக்கிறாள்" என்று பாராட்டு வாங்கிய இன்னொரு மச்சாளுக்கு இன்று ஏ1சி 6.8. அவளை யாரும் ஒரு நாளும் எச்சரிக்கவில்லை, அவளும் பரிசோதிக்கவில்லை. கண் ஒரு அளவுகோல் இல்லை. எண்ணாமல் திருப்புவது என்பது இதுதான்.

இந்த இடத்தில் எனக்குப் பெரிதாக உதவியது சென்னையில் செய்த ஓர் ஆய்வு. வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் குழு, 2006இல் வெளியிட்டது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரை நாளுக்கு அரை மணி நேரமாவது வேகமாக நடக்கவும், சீனியையும் தீட்டிய மாவுப் பொருட்களையும் கொழுப்பையும் குறைக்கவும் வைத்தார்கள். மூன்று வருட முடிவில் சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 வீதம் குறைந்திருந்தது. ஆனால் அவர்களின் எடை சொல்லத்தக்க அளவு குறையவே இல்லை. இதை நான் மூன்று தரம் வாசித்தேன். தராசு அசையாமலே உள்ளே ஏதோ திருந்தியிருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் எடை 7 வீதம் குறைப்பது இலக்கு, அங்கே ஆபத்து 58 வீதம் குறைந்தது. ஆகவே எடை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தராசு ஒன்றுதான் முக்கியம் என்கிற எண்ணம் பிழை என்கிறேன். எங்களைப் போன்றவர்களை வைத்து, எங்களைப் போலச் சோறு தின்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு அதைச் சொல்லியிருக்கிறது. ஹோல் வாசலில் யாரும் இதைச் சொல்வதில்லை.

உடம்பு மோட்டார் சைக்கிள் இல்லை என்று எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு அவமானம் தெரியாது. ஆனாலும் அப்பாவின் முறையில்தான் தொடங்கினேன். முதல் இரண்டு கிழமை எதையும் மாற்றவில்லை. சாப்பிட்டதை எழுதினேன், கலோரி போடாமல், பெயர் மட்டும். உங்களுக்கு உணவோடு பழைய கணக்கு ஏதும் இருந்தால் இதைக்கூட வைத்தியரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். எனக்கு அடைபட்ட இடம் சோறு என்று ஊரே சொன்னது. எழுதிப் பார்த்தால் அது தேத்தண்ணி. நாளுக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. கரண்டி நாலு கிராம் என்றால் நாளுக்கு 48 கிராம். சோறு தின்னாத நாளிலும் இது உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதினேழு வயதில் பட்டினி கிடந்தபோதுகூட இதை நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் தேத்தண்ணியை யாரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை.

மூன்று கரண்டியை இரண்டாக்கினேன். வேறு ஒன்றும் இல்லை. மூன்று கிழமை. பிறகு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடை. அதற்கும் மூன்று கிழமை. ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது, எது உங்களைத் துன்பப்படுத்துகிறது என்று தெரியாது. ஏ1சி அளப்பது சிவப்பு அணுக்களில் ஒட்டிய சீனியை. அவை ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே மூன்று மாதத்துக்கு முன் திரும்பச் சோதிப்பதில் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு காலையும் தராசில் ஏறுவது, எஞ்சின் சூடாக முதல் ஸ்குறூவைத் திருப்புவது மாதிரி.

அப்பாவிடம் ஒரு நாள் கேட்டேன். காபரேற்றரைக் கேள், பொறு, கால் சுற்று என்று சொல்லத் தெரிந்த நீங்கள் அன்றைக்குக் காரில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவருக்கு நினைவே இல்லை. எனக்கு அந்த வசனம் பதினொரு வருடமாக நினைவில் இருக்கிறது. கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பயத்தில சொல்லியிருப்பன் பிள்ளை" என்றார். தன்னுடைய அப்பா சீனி வருத்தத்தில் கால் எடுத்து, பிறகு மருந்து கிடைக்காத காலத்தில் போனதைச் சொன்னார். எனக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை, அதையும் இங்கே ஒளிக்கவில்லை. ஆனால் பயம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். "எனக்குச் சீனி இருக்கு, உனக்கும் வரலாம், ஒருக்கால் சோதிச்சுப் பாப்பம்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் கெனடி நிலையத்தில் விழுந்திருக்க மாட்டேன். ஒரே அக்கறை, வேறு வசனம்.

ஆகவே அடுத்த ஹோலில் யாராவது உங்களிடம் "வைச்சிட்டாய்" என்றால், சண்டை பிடிக்காமல், சிரித்துக்கொண்டு, "மாமி, உங்கட ஏ1சி எவ்வளவு? கடைசியா எப்ப பாத்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். ஒருவர் முறைத்தார். மற்றவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, தனக்கு ஒரு வருடமாகக் கால் விறைக்கிறது, பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்றார்.

வைகாசியில் சோதித்தபோது எனக்கு 5.9. எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அதை ஆரும் கண்டுபிடிக்கவில்லை. அப்பா தன் தேத்தண்ணியில் மூன்றை இரண்டாக்கியதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரவில் இரண்டு பேரும் நடக்கிறோம். குளிர் வந்தால் ஸ்காபரோ ரவுண் சென்ரருக்குள் நடப்பதாகப் பேச்சு. ஐப்பசியில் இரண்டு பேருக்கும் அடுத்த பரிசோதனை. அதே கிழமை மோட்டார் சைக்கிளை மூட வேண்டும், இந்த முறை அடிக்கிண்ணத்தில் இருக்கிற பெற்றோலை வடித்துவிட்டு. சுவரில் அப்பா எழுதிய சுற்றுக் கணக்குக்குக் கீழே 6.1, 5.9 என்று யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். என்னுடைய கையெழுத்து இல்லை.